வியட்நாமை நிமிர்த்தியது சந்தையா, வோ வான் கியெட்டா?

கேள்வி – ஜனவரி 8

போரில் நொறுங்கிய நாட்டை ஒரு சீர்திருத்தவாதி வந்து தூக்கி நிறுத்தினார் என்பதெல்லாம் பாடப்புத்தகக் கதை. வியட்நாமையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் சந்தையைத் திறந்துவிட்டார்கள், நாடு தானாக வளர்ந்தது. இதில் பின்னாளில் பிரதமரான வோ வான் கியெட் என்ற பெயரை எதற்கு இழுக்கிறீர்கள்? அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் செய்திருப்பார்.

ஜனவரி 8, இரவு 10.40

இன்னொருவர் என்றால் யார்? பெயரைச் சொல்லுங்கள், பேசலாம்.

சந்தை 1986இல் பிறக்கவில்லை. 1978லும் அது இருந்தது. மேகோங் கழிமுகத்தில் நெல் இருந்தது, சைகோனில், அதாவது புதிதாகப் பெயர் மாறிய ஹோ சி மின் நகரத்தில், பசி இருந்தது. இரண்டுக்கும் நடுவே லாரிக்குச் சில மணி நேரத் தூரம். ஆனால் வழியெங்கும் சோதனைச் சாவடி. ஒரு மாகாணத்து அரிசி அடுத்த மாகாணத்துக்குள் போகக் கூடாது. ‘ஆற்றை அடை, சந்தையைத் தடு’ என்று அந்தக் காலத்துக்கு அவர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சந்தை தன் கையால் சாவடிக் கட்டையைத் தூக்காது. யாரோ ஒருவர் தூக்கச் சொல்ல வேண்டும், சொன்னதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும்.

1986இல் பிரதமராக இருந்து அதைச் செய்தவர் கியெட்.

ஜனவரி 9, காலை

மேலே கடைசி வரி தவறு. தூக்கக் கலக்கத்தில் எழுதியது. 1986 டிசம்பரில் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆறாவது மாநாடு ‘டோய் மோய்’, அதாவது ‘புதுப்பித்தல்’ என்னும் சந்தைத் திறப்புக் கொள்கையை ஏற்றபோது கியெட் துணைப் பிரதமர்தான். பொதுச் செயலாளராக வந்தவர் நுயென் வான் லின். அவருக்கு முன்பு சில மாதங்கள் அந்த நாற்காலியில் இருந்த ட்ரூங் சின், வாழ்நாள் முழுவதும் பிடிவாதக்காரர் என்று பெயரெடுத்தவர். கடைசி நேரத்தில் அவரே மனம் மாறியிராவிட்டால் மாநாட்டில் எதுவும் நகர்ந்திருக்காது. கியெட் பிரதமரானது 1991 ஆகஸ்டில், இறங்கியது 1997இல்.

வரியை அழிக்கவில்லை. கேள்வி கேட்டவர் சிரித்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 9, மாலை

அரிசிக் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வாதம் மொத்தமும் அதன் மேல்தான் நிற்கிறது.

கியெட் 1976இல் ஹோ சி மின் நகரக் கட்சிச் செயலாளரானார். முப்பது லட்சத்துக்கு மேல் மக்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் நகரத்தின் அரிசிக் கிடங்கு காலி. அரிசியோடு மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் இறக்குமதியான சோளமும் கலந்து கொடுத்தார்கள். தெற்கே, நெல் விளையும் மண்ணின் வாசலில் உட்கார்ந்துகொண்டு, சோளம். அந்தச் சோளத்தை மென்ற தலைமுறை இன்றும் அதன் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

நெல் எங்கே போனது? எங்கும் போகவில்லை, விவசாயி விற்க மறுத்தார். அரசு விலை கிலோவுக்கு அரை டோங் சொச்சம். வெளிச்சந்தையில் இரண்டரை டோங். ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு யார் அளப்பார்?

நகர உணவுத் துறையில் பா தி என்று ஒரு பெண்மணி. போர்க்காலத்தில் காட்டில் இருந்தவர். கியெட் அவரிடம் சொன்னது எளிய விஷயம்: பணம் தருகிறேன், லாரி தருகிறேன், கழிமுகத்துக்குப் போய்ச் சந்தை விலைக்கு நெல் வாங்கி வாருங்கள். அரசு விலையை மீறி வாங்குவது குற்றம். மாட்டினால் சிறை. சிறைக்குப் போனால் நான் சோறு கொண்டுவந்து தருகிறேன் என்று கியெட் சொன்னதாகத் தெற்கில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர்களே வைத்துக்கொண்ட கேலிப் பெயர் ‘அரிசிக் கடத்தல் குழு’. லாரிகள் போயின, நெல் வந்தது, நகரம் சாப்பிட்டது. ஹனோயில் யாரும் ஆணை எதுவும் மாற்றவில்லை. விதி அப்படியே இருந்தது, அதன் வேலியில் ஒரு ஓட்டை மட்டும் விழுந்தது. ‘வேலி உடைத்தல்’ என்பதே அந்த ஆண்டுகளுக்கு வழங்கும் சொல்.

இதைத்தான் நான் சீர்திருத்தம் என்கிறேன். கியெட் புதிய பொருளாதாரக் கொள்கை எதையும் கண்டுபிடிக்கவில்லை. அரிசியை விலை கொடுத்து வாங்கலாம் என்பது சந்தையில் கூடை வைத்திருக்கும் கிழவிக்கும் தெரியும். வேலி உடைத்தவருக்கு அவர் ஜாமீன் நின்றார். அந்த வேலைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

ஜனவரி 10

பெயர்கள் குழப்புகின்றன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். தெற்கு வியட்நாமில் பிள்ளைகளை எண்ணால் அழைப்பார்கள். மூத்த பிள்ளை ஒன்று அல்ல, இரண்டு. எனவே பா தி என்றால் ‘மூன்று’. கியெட்டின் இயக்கப் பெயர் சாவ் யான், ‘ஆறு’. லாங் ஆன் மாகாணச் செயலாளர் சின் கான் ‘ஒன்பது’. நுயென் வான் லின் ‘பத்து’. கியெட்டோடு மோதிக்கொண்டும் ஒத்துப்போயும் இருந்த வடக்கத்தித் தலைவர் தோ முவொய் பெயரிலும் ‘பத்து’. புரட்சியின் வரலாறா வாய்ப்பாடா என்று எனக்கும் முதலில் தோன்றியது.

அந்த ஒன்பது முக்கியமானவர். ரேஷன் கூப்பனுக்கு அரசு வைத்த மலிவு விலையை ஒழித்து, அந்த வித்தியாசத்தைச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுக்கும் சோதனையை 1980 வாக்கில் தன் மாகாணத்தில் செய்து பார்த்தவர். அதாவது கியெட் ஒருவரே எல்லாம் என்று நான் சொல்லவில்லை.

ஜனவரி 11, மதியம்

‘அரிசிக்குச் சாவடியா, நம்ப முடியவில்லை’ என்று எழுதிய தம்பிக்கு: உமக்கு வயது முப்பதுக்குள் இருக்கும்.

நம் ஊரிலும் இருந்தது. எழுபதுகளில் மாவட்டம் விட்டு மாவட்டம் நெல்லோ அரிசியோ கொண்டுபோகத் தடை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் என் பெரியம்மா வீடு. நாங்கள் திருச்சி. ரேஷனில் வந்த அரிசியில் கல்லும் புழுங்கிய வாடையும். விடுமுறை முடிந்து என்னைக் கொண்டுவந்து விட வரும்போது பெரியம்மா பத்துப் படி அரிசியைத் தலையணை உறையில் கட்டி, மேலே என் சட்டை துணிகளைத் திணித்து, அதன் மேல் என்னை உட்காரவைப்பார். எல்லைச் சாவடியில் பஸ் நிற்கும். காக்கிக் கால்சட்டையில் ஒருவர் குத்தூசியோடு ஏறுவார். நெல் மூட்டையில் குத்தி மாதிரி எடுப்பார்களே, அதே ஊசி, ஒரு பக்கம் பள்ளமாக, நுனி கூராக. இருக்கைக்குக் கீழே இருக்கும் மூட்டைகளில் சரக் சரக்கென்று குத்திக்கொண்டே வருவார். பள்ளத்தில் வெள்ளையாக நாலு அரிசி வந்தால் மூட்டை இறங்கிவிடும். பெரியம்மா என் நெற்றியில் கையை வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார். எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்ததுபோல உடம்பு சுடும். ஒரு தடவை ஊசி என் தொடைக்கு நாலு விரல் தள்ளி நின்று, திரும்பிப் போயிற்று. காய்ச்சல் நாடகம் பலித்தது என்று பெரியம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே வியட்நாமியச் சாவடி எனக்குக் கதை அல்ல. அங்கே அது இன்னும் கடுமை. கோழி, காப்பி, இறைச்சி எல்லாவற்றுக்கும் தடை. முகம் வாடியிருப்பவரைப் பார்த்து ‘அரிசி அட்டையைத் தொலைத்தவன் மாதிரி’ என்று சொல்வார்கள். அட்டை ஒழிந்து எத்தனையோ ஆண்டு ஆயிற்று, சொலவடை மட்டும் இருக்கிறது.

ஜனவரி 11, இரவு

ஒருவர் கேட்ட எதிர்க்கேள்வி கனமானது. அரிசியை வடக்கிலும் ஒருவர் முயன்றாரே, கிம் ங்கோக், அவர் கதை என்ன ஆயிற்று?

வின் ஃபுக் மாகாணச் செயலாளர். 1966இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, கூட்டுறவுப் பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குக் குத்தகை போலப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். விளைச்சல் கூடியது. மேலிடம் கோபித்தது, கட்சிப் பத்திரிகையிலேயே கண்டனம் வந்தது, தன்விமர்சனம் எழுதிக் கொடுக்க வைத்தார்கள். 1979இல் இறந்தார். அவர் சொன்னதைப் பாதியளவு 1981இல் அனுமதித்தார்கள். குடும்பமே விவசாயத்தின் அலகு என்று கட்சி முழுதாக ஒப்புக்கொண்டது 1988 ஏப்ரலில், பத்தாம் எண் தீர்மானத்தில். அடுத்த ஆண்டே வியட்நாம் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது. முந்தைய வசந்தத்தில் வடக்கு மாகாணங்களில் பட்டினி. நம்ப முடிகிறதா? பன்னிரண்டு மாதம்.

கிம் ங்கோக்குக்கும் பா திக்கும் யோசனை ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் தன்விமர்சனம் எழுதினார், இன்னொருவர் தொழிலாளர் வீராங்கனை பட்டம் வாங்கினார். பா திக்குப் பின்னால் ஒருவர் நின்றார், கிம் ங்கோக்குக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஜனவரி 13

பொங்கல் வேலை. சுருக்கமாக.

‘கியெட்டுக்குப் பொருளாதாரம் தெரியுமா?’ பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத, பதின்ம வயதிலேயே இயக்கத்தில் சேர்ந்த மனிதர். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டார். நுயென் சுவான் ஓவான் என்று ஒருவர், ஹார்வர்டில் படித்தவர், தோற்ற தெற்கு அரசில் சில நாட்கள் தற்காலிகப் பிரதமராகக்கூட இருந்தவர். வென்றவர் தரப்பு அவரைத் தூக்கி எறிந்திருக்கலாம். கியெட் கூப்பிட்டு ஆலோசனை கேட்டார். பழைய அரசில் வேலை பார்த்த பொருளியலாளர்கள் சைகோனில் வெள்ளிக்கிழமைதோறும் கூடி விலை, வங்கி, நாணயம் பற்றி அறிக்கை எழுதினார்கள்; ‘வெள்ளிக்கிழமைக் குழு’ என்று பெயர். அவர்களுக்கும் மறைப்பு கியெட்தான்.

ஜனவரி 17

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் இந்த விவாத இழை எரிந்துகொண்டிருக்கிறது. சிட்னியிலிருந்து எழுதும் நண்பர் சொல்வது: அவர் பக்கத்து வீட்டு வியட்நாமிய அம்மாளிடம் கியெட் பெயரைச் சொன்னால் கதவைச் சாத்திக்கொள்கிறார். அந்த அம்மாள் போருக்குப் பின் படகில் தப்பி வந்தவர்.

சாத்தட்டும். அவருக்கு அந்த உரிமை உண்டு. 1978 மார்ச்சில் ஹோ சி மின் நகரத்தில் தனியார் வணிகத்தை ஒரே வீச்சில் முடித்தார்கள். கடைகளுக்குள் ஆட்களை உட்காரவைத்துச் சரக்கைக் கணக்கெடுத்தார்கள். அடி அதிகம் விழுந்தது சோலோன் பகுதிச் சீன வணிகர்கள் மேல். குடும்பங்களைப் ‘புதிய பொருளாதார மண்டலம்’ என்று காட்டுக்கு அனுப்பினார்கள். பழைய அரசின் அதிகாரிகள் மறுகல்வி முகாம்களில். லட்சக்கணக்கானோர் கடலில். அந்த வணிக ஒழிப்பை முன்னின்று நடத்த ஹனோயிலிருந்து வந்தவர் தோ முவொய். ஆனால் நகரக் கட்சிச் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கியெட். மேலிடத்து ஆணை என்று சொல்லி அவரை முழுதாகக் கழற்றிவிட முடியாது. அரிசி விஷயத்தில் மேலிடத்து ஆணையை மீற முடிந்தவருக்கு, கடைகள் விஷயத்தில் முடியவில்லையா, மனம் இல்லையா? எனக்குப் பதில் இல்லை. அவர் அப்போதே மனதுக்குள் மாறிவிட்டார் என்று எழுதுபவர்கள் பின்னாளைய கியெட்டை முன்னாளைய கியெட்டின் மேல் ஒட்டுகிறார்கள்.

‘ஜாமீன் நின்றார்’ என்று நான் எழுதியதில் யாருக்கு நிற்கவில்லை என்பது விடுபட்டிருக்கிறது.

ஜனவரி 17, பத்து நிமிடம் கழித்து

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் மேல் உள்ள பழியைக் கழிப்பதற்காக அல்ல. 1966இல் கியெட்டின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சைகோன் ஆற்றில் படகில் வந்துகொண்டிருந்தபோது அமெரிக்க ஹெலிகாப்டர் சுட்டது. உடல்கள் கிடைக்கவில்லை. 1972இல் மூத்த மகனும் போரில் இறந்தார். 1995 ஜூலையில் அமெரிக்காவோடு தூதரக உறவு ஏற்பட்டபோது பிரதமராக இருந்தவர் இந்த மனிதர். அதே மாதம் ஆசியானிலும் சேர்ந்தார்கள். 2005இல், போர் முடிந்த முப்பதாம் ஆண்டில், அந்த நாளை நினைத்து லட்சோப லட்சம் பேர் மகிழ்கிறார்கள் என்றால் லட்சோப லட்சம் பேர் வருந்துகிறார்கள் என்று பேட்டியில் சொன்னார். வென்ற கட்சியின் முன்னாள் பிரதமர் வாயிலிருந்து அந்த இரண்டாம் பாதி வந்தது சின்ன விஷயம் அல்ல.

சிட்னி அம்மாளுக்கு அது போதுமா என்றால், போதாது.

ஜனவரி 20

இனி என் தொழில். நாற்பது ஆண்டு கம்பி இழுத்தவன் நான். உயர் அழுத்த மின்தடம். 2004இல் பதினோரு வாரம் பிளெய்கூவில் இருந்தேன், துணைமின் நிலையத்தில் சோதனை வேலை. நடு மேட்டுநிலம், சிவப்பு மண், மழை பெய்தால் பூட்ஸில் இரண்டு கிலோ ஏறும்.

500 கேவி (கிலோவோல்ட்) தடத்தின் கதை அங்கேதான் எனக்குக் கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வடக்கே ஹோவா பின் அணையில் மின்சாரம் மிச்சம். சோவியத் உதவியில் கட்டிய 1,920 மெகாவாட் நிலையம். தெற்கே சைகோன் வாரத்தில் பல நாள் இருட்டு. ஆலைகள் அங்கே, மின்சாரம் இங்கே. கியெட் பிரதமராகிச் சில மாதங்களில் முடிவெடுத்தார்: ஹோவா பின் முதல் சைகோன் ஃபூ லாம் வரை ஒரே தடம், 1,487 கிலோமீட்டர், இரண்டு ஆண்டில். 1992 ஏப்ரலில் வேலை தொடங்கியது, 1994 மே 27இல் மின்சாரம் பாய்ந்தது. இப்படிப்பட்ட தடத்துக்கு ஏழெட்டு ஆண்டு கேட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இந்தத் திட்டத்தை எதிர்த்தவர்கள் முட்டாள்கள் அல்ல, இதைத் தம்பிமார்கள் கவனிக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தின் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். அதில் கால்பங்கு 1,500. தடத்தின் நீளம் 1,487! கால் அலைநீளத் தடத்தில் ஒரு முனையில் மின்சாரம் கொடுத்து மறுமுனையைத் திறந்து வைத்தால், கணக்குப்படி மறுமுனை மின்னழுத்தம் எகிறி எல்லையில்லாமல் போகும். நீண்ட தடத்தில் சுமை குறைந்த இரவில் கடைசி நிலையத்தில் வோல்டேஜ் மீட்டர் தானாக ஏறுவதை நான் 200 கிலோமீட்டர் தடத்திலேயே பார்த்திருக்கிறேன்; வயிற்றைக் கலக்கும். இவர்கள் அதன் உச்சிக்குப் பக்கத்தில் போய்க் கோபுரம் நட்டார்கள்.

தப்பித்தது எப்படி என்றால், தடத்தை ஒரே கம்பியாக விடவில்லை. ஹா தின், டா நாங், பிளெய்கூ என்று நடுவே நிலையம் வைத்து, ஒவ்வொன்றிலும் ஏறும் அழுத்தத்தை விழுங்க ஷண்ட் ரியாக்டர், தடத்தை மின்னியல் கணக்கில் குட்டையாக்கத் தொடர் மின்தேக்கி. பிளெய்கூ முற்றத்தில் அந்தத் தேக்கி மேடைகள் உயரமான பீங்கான் கால்களில் நிற்கும். கீழே நின்றால் தேனீக்கூட்டில் காதை வைத்த மாதிரி ஒரு முனகல். அதைத் தொட்டுப் பார்க்க முடியாது, தொட்டவன் கதை சொல்ல வரமாட்டான்.

ஜனவரி 20, பிற்பாடு

அலைநீளம் பற்றிச் சிறு திருத்தம். ஒளிவேகத்தை வைத்துக் கணக்கிட்டேன். கம்பியில் அலை அதைவிடச் சற்று மெதுவாகவே போகும், எனவே உண்மையான கால்பங்கு 1,500க்குக் கொஞ்சம் கீழே. அதாவது 1,487க்கு மிக அருகே, ஒருவேளை அதற்கும் கீழே. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது.

ஜனவரி 22

பிளெய்கூ நிலையத்தில் வயதான ஃபோர்மேன் ஒருவர். என் மொழிபெயர்ப்பாளர் அரைகுறை, அவர் ஆங்கிலம் கால்குறை, நாங்கள் கையால்தான் பேசினோம். 1993இல் மலை மேல் கோபுர இரும்பு தூக்கியவர்களில் அவரும் ஒருவர். லாரி ஏறாத சரிவில் கோணச் சட்டங்களை மூங்கிலில் தொங்கவிட்டு எட்டுப் பேர் தோளில் ஏற்றுவார்கள். அவர் சட்டையை விலக்கி வலது தோளைக் காட்டினார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ளங்கை அளவுக்குத் தோல் காய்த்து, மாட்டின் நுகத்தடி இடம் போல இருந்தது. பத்து ஆண்டு கழித்தும் போகவில்லை.

அதற்கும் முன்பு படை வீரர்கள் வந்து ஒவ்வொரு கோபுரக் குழிக்கும் வழிக்கும் கண்ணிவெடி பார்த்தாக வேண்டும். தடம் போகும் பாதை போர் போன பாதை. சுமார் 3,400 கோபுரம். வேலையில் செத்தவர்கள் உண்டு. உலக வங்கிக் கதவு 1993 வரை அடைப்பு, அமெரிக்கத் தடை 1994 பிப்ரவரியில்தான் நீங்கியது. பெரும்பாலும் சொந்தப் பணத்தில் கட்டியது.

கியெட்டை அவர் ‘சாவ் மாமா’ என்றே சொன்னார். வந்து பார்த்தாராம். எத்தனை முறை என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டு, காப்பி வடிகட்டியைத் தட்டிக் கொட்டிவிட்டு வேலைக்குப் போனார். அந்த ஊர்க் காப்பி சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குள் ஒரு டிரான்ஸ்பார்மருக்கு எண்ணெய் மாற்றிவிடலாம். அது வேறு இழை.

ஜனவரி 23

இதுவரை கியெட்டுக்கு மாலை போட்டாயிற்று என்று கேள்வி கேட்டவர் கிண்டல் செய்திருக்கிறார். அவசரப்படுகிறார். மாலையைக் கழற்றும் வேலையையும் நானே செய்கிறேன்.

ஒன்று. அந்தத் தடத்தின்போது எரிசக்தி அமைச்சராக இருந்தவர் வூ ங்கோக் ஹாய். திட்டத்தின் எஃகு தொடர்பான முறைகேட்டு வழக்கில் அவருக்கு மூன்று ஆண்டு சிறை. குற்றம் எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். பா தியிடம் சோறு கொண்டுவருகிறேன் என்றவர், பிரதமர் நாற்காலியில் இருந்தபோது தன் அமைச்சரைக் காக்க முடியவில்லை.

இன்னொன்று இதைவிட மோசம். 1995 ஆகஸ்டில் கியெட், கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உலகம் மாறிவிட்டது, சோசலிச முகாம், ஏகாதிபத்திய முகாம் என்று பார்ப்பதை விடுங்கள், அரசு நிறுவனங்களைப் பிடித்துத் தொங்காதீர்கள் என்ற போக்கில். கடிதம் கசிந்தது. அதன் படியைக் கையில் வைத்திருந்தார் என்று ஹா சி ஃபு என்ற எழுத்தாளரைப் பிடித்தார்கள். அரசு ரகசியத்தை வெளியிட்டதாக 1996இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் தண்டனை. எழுதியவர் பிரதமர், படித்தவர் கைதி! இப்படி ஒரு வழக்கை நம் ஊர்ப் பட்டிமன்றத்தில் சொன்னால்கூட நடுவர் நம்ப மாட்டார்.

1997 ஏப்ரலில் விசாரணையின்றி இரண்டு ஆண்டு வரை ஒருவரைக் காவலில் வைக்க வழிசெய்யும் 31/சிபி ஆணை வந்தது. கையெழுத்து: வோ வான் கியெட்.

ஜனவரி 23, இரவு

மேலே உள்ளதை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நகரச் செயலாளராக இருந்தபோது அவரால் ஜாமீன் நிற்க முடிந்தது, ஏனென்றால் அவருக்கு மேலே ஹனோய் இருந்தது. குறுக்கே நிற்க ஓர் இடம் இருந்தது. பிரதமரான பிறகு அவரே ஹனோய். யாருக்கும் யாருக்கும் நடுவே நிற்பார்? இது என் ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள்.

முழு ஹனோயும் அல்ல, அதையும் சொல்ல வேண்டும். 1988 மார்ச்சில் பிரதமர் பாம் ஹுங் இறந்தபோது கியெட் பொறுப்புப் பிரதமர். ஜூனில் தேசியச் சபையில் வாக்கெடுப்பு. ஒரே பெயரை வைத்துக் கை தூக்கும் சபையில் தெற்குப் பிரதிநிதிகள் கியெட் பெயரையும் முன்மொழிந்தார்கள். கட்சி வைத்த ஆள் தோ முவொய் வென்றார். கியெட்டுக்கு 36 சதவீதம். தோற்ற 36 சதவீதம் அந்தச் சபைக்குப் பெரிய சத்தம். ஆனால் பிறகு பிரதமரானபோதும் பொதுச் செயலாளராக மேலே இருந்தவர் அதே தோ முவொய்தான். 1978இல் கடைகளை மூடவந்தவரும் அரிசி லாரி அனுப்பியவரும் சேர்ந்து நாட்டைத் திறந்தார்கள் என்பதை எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முன்னவரும் மாறினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜனவரி 25

பட்டாசு பற்றிக் கேட்ட சிவகாசி நண்பருக்கு: ஆம், அதுவும் கியெட்தான். 1994இல் உத்தரவு போட்டு, 1995 ஜனவரி முதல் வியட்நாம் முழுவதும் பட்டாசு தயாரிக்க, விற்க, வெடிக்கத் தடை. டெட் என்னும் அவர்கள் புத்தாண்டுக்குப் பட்டாசு இல்லை என்பது நமக்குத் தீபாவளிக்குப் பட்டாசு இல்லை என்பதுபோல. யாரும் கேட்கமாட்டார்கள் என்றார்கள். அந்த டெட் ஊர் முழுக்க அமைதியாகப் போயிற்று. பட்டாசு செய்தே பிழைத்த கிராமங்கள் வடக்கே இருந்தன, அவர்கள் பாடு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பது நியாயம். ஜாமீன் அங்கும் இல்லை.

ஜனவரி 28

கேள்வி கேட்டவர் இறங்கி வந்து, ‘சரி, சந்தை மட்டும் அல்ல’ என்கிறார். நானும் கொஞ்சம் இறங்குகிறேன். முதல் நாள் ‘இன்னொருவர் யார்’ என்று சவால் விட்டேனே, இன்னொருவர்கள் இருந்தார்கள். கிம் ங்கோக், சின் கான், ட்ரூங் சின், லின். 1986இல் விலைவாசி ஓர் ஆண்டில் எழுநூறு சதவீதத்துக்கு மேல் ஏறிய பிறகு எவர் இருந்தாலும் ஏதோ ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். சோவியத் உதவியும் வற்றிக்கொண்டிருந்தது. மாற்றம் கியெட் இல்லாமலும் வந்திருக்கும்.

ஆனால் 1979இல் சைகோனில் பசியோடு இருந்தவரை 1986 வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. இதை விட்டுத்தர மாட்டேன்.

ஜனவரி 30

பிளெய்கூ கட்டுப்பாட்டு அறை பற்றி ஒருவர் கேட்டார். பழைய பலகையில் நடுவில் பூஜ்யம் வைத்த மெகாவாட் மீட்டர் இருந்தது. முள் ஒரு பக்கம் சாய்ந்தால் மின்சாரம் தெற்கே போகிறது, மறுபக்கம் என்றால் வடக்கே. தெற்கை இருட்டிலிருந்து காக்கக் கட்டிய தடம். நான் இருந்த ஏப்ரல் கடைசியில் இரவு ஷிஃப்டில் முள் வடக்குப் பக்கம் சாய்ந்திருந்தது. தெற்கே எரிவாயு நிலையங்கள் வந்துவிட்டன, வடக்கே கோடையில் அணையில் நீர் இல்லை. ஃபோர்மேனிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது என்றார். நான் பழுது என்று சொல்வதாக நினைத்துவிட்டார்.

பிப்ரவரி 2

இதை என் அக்காவுக்கு அனுப்பினேன். முழுதும் படித்துவிட்டுப் போனில் ஒரு மணி நேரம் திட்டினாள். காய்ச்சல் நாடகம் எதுவும் பலிக்கவில்லையாம். குத்தூசிக்காரர் மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டாராம். கண்டக்டர் குறுக்கே வந்து, அது தன் வீட்டு மூட்டை, தானே ஏற்றியது, எழுதுவதானால் தன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்புறம்தான் ஊசி போனது. பெரியம்மா அந்த ஆளுக்குச் சாவடி தாண்டி ஒரு படி அளந்து கொடுக்கப் பார்த்தார், வாங்கவில்லை. நான் அதற்குள் தூங்கிவிட்டேனாம்.

அரிசியும் பத்துப் படி இல்லை, ஆறுதானாம். ஜனவரி 11ஐத் திருத்திப் படிக்கவும்.